வின்ஸ் கொலெட்டா ஜாக் கிர்பியின் படங்களைக் கெடுத்தாரா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி மார்வெல் நிறுவனத்துக்காகப் பென்சிலில் வரைந்த ஒரு தோர் பக்கத்தையும், அதே பக்கம் வின்ஸ் கொலெட்டா மை போட்டு அச்சாகி வந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பென்சிலில் பின்னால் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் அச்சில் காணோம், மீதிப் பேர் வெறும் கருப்பு நிழலாகிவிட்டார்கள். “இந்த ஆள் உண்மையிலேயே கிர்பியைக் கெடுத்தாரா, இல்லை ரசிகர்கள் ஊதிப் பெரிதாக்கிய கதையா?” என்று கேட்கிறீர்கள். இது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. அவர் அழித்தாரா என்பது ஒன்று. அதனால் படம் கெட்டதா என்பது வேறொன்று. முதலாவதற்குச் சாட்சியம் இருக்கிறது, இரண்டாவதற்கு ரசனைதான் இருக்கிறது. இத்தனை வருடச் சண்டையில் பாதி, ஒன்றுக்கான ஆதாரத்தைக் கொண்டுபோய் இன்னொன்றுக்குப் பதிலாக வைப்பதால் வருவது.

நான் காமிக்ஸ் ஆராய்ச்சியாளன் இல்லை. பத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டுப் பிழைத்தவன், பிறகு பல வருடம் அச்சகங்களில் லைன் நெகட்டிவ், பிளேட் என்று அச்சுக்கு முந்தைய வேலையில் இருந்தவன். அதனால் கோடு எப்படிப் போடப்படுகிறது, அச்சில் போய் அது என்ன ஆகிறது என்ற இரண்டையும் கொஞ்சம் நம்பிப் பேசுவேன். கொலெட்டா மனதில் என்ன ஓடியது என்பதை யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை.

முதலில், மை போடுவது ஏன் தனி வேலை என்பதே நம்மில் பலருக்குப் புதிது. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் பார்த்தது ஹெசூஸ் பிளாஸ்கோவின் கை. சகோதரர்கள் உதவினாலும் பென்சிலும் மையும் ஒரே வீட்டில் நடந்த வேலை. அமெரிக்க மாத இதழ்களில் அப்படி இல்லை. மாதாமாதம் இருபது பக்கம் தவறாமல் வரவேண்டும் என்பதற்காக ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் வசனங்களை எழுத்தில் போடுவார், இன்னொருவர் மை போடுவார், இன்னொருவர் வண்ணத்துக்குக் குறிப்பு கொடுப்பார். பென்சில் கோடு கேமராவில் சரியாக விழாது. அதனால் மேலே கருப்பு மையால் போட்டு, காய்ந்ததும் பென்சிலை ரப்பரால் அழித்துவிடுவார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முழு வழக்கும் அதில்தான் தொங்குகிறது. மை போட்டவர் எதைக் கோடாக்கினாரோ அதுதான் மிஞ்சும். அவர் விட்டது, ரப்பர் தூளோடு குப்பைக்குப் போய்விடும்.

கொலெட்டா 1923இல் சிசிலியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். 1950களில் அட்லஸ் நிறுவனத்தின் காதல் கதை இதழ்களில் பெயர் வாங்கினார். பிற்காலத்தில் மார்வெல் ஆனது அதே நிறுவனம்தான். அழகான பெண் முகம், ஈரமான கண், மெல்லிய தலைமுடிக் கோடு, இதெல்லாம் அவர் கைவந்த கலை. அந்தக் கதைகளில் பின்னணி என்று பெரிதாக எதுவும் தேவைப்படாது, ஒரு ஜன்னல், ஒரு திரைச்சீலை போதும், மீதி முகம்தான். பிறகு மை போடுவதே அவருடைய முதன்மை வேலையாயிற்று. 1965 முதல் ஜர்னி இன்டு மிஸ்டரி இதழின் முதன்மைக் கதையான தோரில் கிர்பிக்குத் தொடர்ந்து மை போட ஆரம்பித்தார். அந்த இதழ் 1966இல் 126ஆம் எண்ணோடு தோர் என்று பெயர் மாறிற்று. இடையில் சிறு இடைவெளிகள் தவிர 1969 வரை அவர்தான். கூடவே ஃபென்டாஸ்டிக் ஃபோர் 40 முதல் 43 வரை நான்கு இதழ்களும், அதன் நாயகன் நாயகியான ரீடும் சூவும் கல்யாணம் செய்துகொள்ளும் 1965 ஆண்டு மலரும் அவர் கையில் போனவை. 1970இல் கிர்பி போட்டி நிறுவனமான டிசிக்கு மாறி நியூ காட்ஸ், ஃபாரெவர் பீப்பிள், மிஸ்டர் மிராக்கிள் என்று தன் சொந்த உலகத்தை ஆரம்பித்தபோதும் முதல் சில இதழ்களுக்குக் கொலெட்டாதான். 1971இல் அவரை மாற்றிவிட்டு மைக் ராயர் வந்தார்.

சரி, அழித்தாரா? அழித்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்த விஷயத்தில் உழைத்தவர்கள் யாருக்கும் இல்லை. ஆதாரம் மூன்று திசையிலிருந்து வருகிறது. கிர்பியின் பென்சில் பக்கங்களின் நகல்கள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. தோர் காலத்துக்குக் குறைவு, டிசி காலத்துக்கு நிறைய. கிர்பி இறந்த 1994இலேயே ஜான் மாரோ தொடங்கிய ஜாக் கிர்பி கலெக்டர் இதழ் இந்த நகல்களை அச்சான பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்துத் தொடர்ந்து வெளியிட்டது. உங்கள் கையில் கிடைத்த ஜோடிப் படமும் பெரும்பாலும் அந்த வழியில் பரவியதாகத்தான் இருக்கும். இரண்டாவது ஆதாரம் மூலப் பக்கங்களே. ரப்பர் எவ்வளவு தேய்த்தாலும் அழுத்தி வரைந்த பென்சில் காகிதத்தில் தடம் விடும். நல்ல ஸ்கேனில், பக்கவாட்டு வெளிச்சத்தில், மை போடாத ஓர் உருவத்தின் தோளும் தலையும் ஆவி மாதிரித் தெரியும். மூன்றாவது, கிர்பி பக்க ஓரத்தில் ஸ்டான் லீக்காக எழுதிய குறிப்புகள். இந்தப் பேனலில், அதாவது பக்கத்தின் இந்தக் கட்டத்தில், யார் என்ன செய்கிறார்கள் என்று பென்சிலில் கிறுக்கியிருப்பார், அதைப் பார்த்து லீ வசனம் எழுதுவார். பல பக்கங்களில் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டாலும், இருக்கிற இடத்தில் குறிப்பையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு.

என்ன செய்தார் என்பதும் ஓரளவு ஒரே பாணியில் இருக்கிறது. தூரத்தில் நிற்கும் மனிதர்களை நிழலுருவாக்குவார். கும்பலில் சிலரை எடுத்துவிடுவார். கட்டடத்தின் ஜன்னல்களையும் செதுக்கு வேலையையும் குறைத்துவிடுவார். இயந்திரங்களில் கிர்பி அடுக்கடுக்காகப் போட்ட குழாயையும் வளையத்தையும் எளிமையாக்குவார். முன்னால் நிற்கும் நாயகன் நாயகியின் முகத்தில் கை வைத்தால் மட்டும் நிதானமாக, அழகாகச் செய்வார். நேரம் எங்கே மிச்சம், எங்கே செலவு என்று கணக்குத் தெரிந்த கைத்தொழில்காரனின் வேலை அது.

ஆனால் ‘எவ்வளவு’ என்று கேட்டால் அங்கேதான் நிதானம் வேண்டும். ஒப்பிட்டுக் காட்டப்படும் பக்கங்கள் பெரும்பாலும் மோசமானவை என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒன்றும் அழிக்கப்படாத பக்கத்தை யார் ஜோடி போட்டுக் காட்டப்போகிறார்கள்? அவர் மை போட்ட தோர் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, பென்சில் நகல் கிடைப்பது அவற்றில் கொஞ்சத்துக்குத்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்து “ஒவ்வொரு பக்கத்திலும் அழித்தார்” என்று சொல்வது செல்லாது. தோர் இதழ்களைப் புரட்டினால் தேவர்கள் வாழும் அஸ்கார்டின் கோபுரங்களும், குதிரைப்படையும், கொம்பு வைத்த தலைக்கவசங்களும் நெருக்கமாகப் போடப்பட்ட பக்கங்கள் கண்முன் எத்தனையோ இருக்கின்றன. சோம்பேறி அப்படிப் போடமாட்டான்.

அடுத்தது ஏன் என்பது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேலை முறை பற்றி மட்டும்தான். அன்று மை போடுபவருக்குப் பக்கக் கணக்கில் கூலி, அதுவும் பென்சில் போடுபவரைவிடக் குறைவு. நாற்பது பேர் நிற்கும் பேனலுக்கும் ஒற்றை முகம் உள்ள பேனலுக்கும் ஒரே காசு. கிர்பியோ 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பக்கம் என்ற அளவில் பென்சில் தள்ளிக்கொண்டிருந்தவர், அதுவும் கோடிட்ட இடத்தை நிரப்பு என்று விடாமல் முழுசாக, இறுக்கமாக வரைபவர். அதையெல்லாம் மையாக்க ஆள் வேண்டும், அதுவும் சீக்கிரம். கொலெட்டாவின் பெயரே வேகத்தில்தான் இருந்தது. வேறு யாரோ இழுத்தடித்த இதழ் அச்சகத்துக்குப் போகவேண்டிய கடைசி நேரத்தில் எடிட்டர்கள் கூப்பிடுவது அவரை. தேதி தவறினால் அச்சகம் அபராதம் போடும், அந்தச் செலவோடு பார்த்தால் காணாமல் போன பத்து வீரர்கள் நிர்வாகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. மேசையில் வந்த பக்கத்தை வாங்கி அச்சுக்கு அனுப்பிக் காசும் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் அதைத்தான் செய்தார்கள். பின்னாளில் இதே டிசி அவரை ஆர்ட் டைரக்டராக வைத்தது. குற்றவாளிக் கூண்டில் அவரை மட்டும் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. பக்கக்கூலி என்ற ஏற்பாடு அவரைக் கேட்டு வந்ததல்ல.

அதற்காக டெட்லைன் எல்லாவற்றுக்கும் சாக்காகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கிர்பிக்கு மை போட்ட இன்னொருவரான ஜோ சின்னாட்டுக்கும் அதே பக்கக்கூலி முறைதான், அதே கிர்பிதான். கொலெட்டா எடுத்துக்கொண்ட வேலைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், அவசரம் பல நேரம் தானாக வரவில்லை, அவர் வரவழைத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குற்றச்சாட்டும் சேர்த்துப் பேசப்படும். டிசிக்காக வந்த கிர்பியின் பக்கங்களை மார்வெல் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினார் என்பது. கிர்பிக்கு உதவியாளராக இருந்து பின்னாளில் அவர் வாழ்க்கையை எழுதிய மார்க் எவானியர் பக்கத்திலிருந்து வரும் செய்தி அது. உண்மையாகவே இருக்கட்டும், அது மனிதரைப் பற்றியது, கோட்டைப் பற்றியதல்ல. அதைச் சொல்லி முடித்த கையோடு “அதனால்தான் தோர் பார்க்க நன்றாக இல்லை” என்று போவது எந்த ஊர் நியாயம்?

இப்போது படத்துக்கு வருவோம், எனக்குப் பேசப் பிடித்த இடம் இதுதான். கிர்பியின் பென்சிலில் கருப்பு என்பது கட்டையாக, தடியாக வரும். கன்னத்து எலும்புக்குக் கீழே ஒரு வளைந்த கருந்திட்டு, தோள்பட்டையில் மின்னல் மாதிரி ஒரு பட்டை, இரும்பிலும் கல்லிலும் சதையிலும் ஒரே வகைப் பளபளப்பு. சின்னாட் அதைப் பிரஷ்ஷால் வழவழவென்று உருட்டி எடுப்பார், குரோமியம் பூசியது போல இருக்கும். கிர்பிக்கு மை போட்ட மற்றொருவர் சிக் ஸ்டோன் வெளிக்கோட்டைத் தடிமனாக்குவார். கொலெட்டா என்ன செய்வார் என்றால், அந்தக் கருந்திட்டை நிப்பால் மெல்லிய இணைக்கோடுகளாகப் பிரித்துவிடுவார். தோரின் புஜத்தைப் பாருங்கள். சின்னாட் கையில் இரண்டு வளைவில் முடிந்திருக்கும் இடத்தில், இவர் கையில் இருபது முப்பது கீறல் இருக்கும், சில இடத்தில் குறுக்கே இன்னொரு அடுக்கு. கீறல்கள் ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்காது, நுனியில் நடுங்கும். கல்லையும் தோலையும் கம்பளியையும் மரத்தையும் அது நன்றாகக் காட்டும், உலோகத்தைக் காட்டவே காட்டாது.

அதனால்தான் ஒரே ஆளின் கோடு ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் இடறுகிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஆய்வுக்கூடமும் ராக்கெட்டும் கண்ணாடியும் நிறைந்த உலகம். அங்கே கொலெட்டாவின் கீறல் பட்டால் புது இயந்திரம் துருப்பிடித்ததாகத் தெரிகிறது. தோர் அப்படியில்லை. கோட்டைச் சுவர், தாடி, உரோமப் போர்வை, தோரின் தந்தை, கிழட்டு ஓடினின் முகச் சுருக்கம். பழைய புராணப் புத்தகங்களில் மரச்செதுக்கு அச்சுப் படங்கள் வரும் பாருங்கள், அந்தச் சாயல் இந்தக் கீறல்களால் தோர் கதைகளுக்கு வந்தது. பூமியில் நடக்காத, பழங்காலத்தில் நடப்பது போன்ற ஒரு தூரம் கிடைத்தது. இதைச் சொல்பவர்கள் கொலெட்டாவின் ஆதரவாளர்கள் மட்டும் இல்லை, அவரைத் திட்டுகிறவர்களிலேயே பலர் தோருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. டேல்ஸ் ஆஃப் அஸ்கார்ட் என்று பின்பக்கத்தில் வந்த குட்டிக் கதைகளை வேறு யார் மையிலும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அதே சமயம் அழித்ததால் எதை இழந்தோம் என்பதை ஆதரவாளர்கள் லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். “பின்னணியில் நான்கு பேர் போனால் கதைக்கு என்ன ஆயிற்று, பேனல் பளிச்சென்று இருக்கிறதே” என்பார்கள். சில இடத்தில் அது உண்மையும்கூட, நெரிசலான பேனலில் பின்னால் உள்ளவரை நிழலாக்குவது நல்ல இங்கர் (மை போடுபவர்) யாரும் செய்யும் வேலை. ஆனால் கிர்பியின் கூட்டம் அலங்காரத்துக்கு வந்ததல்ல. அவர் பிரம்மாண்டத்தைக் காட்டும் விதமே, தூரத்தில் எறும்பளவு ஆட்களை வைத்து அளவுகோல் கொடுப்பதுதான். முன்னால் ஒரு முஷ்டி, நடுவில் குதிரைவீரன், கடைசியில் விரல்நகம் அளவு காவலாளி. அந்தக் காவலாளியை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் வாசல் முப்பதடியா முந்நூறடியா என்று கண்ணுக்குத் தெரியாது. ஆழம் சட்டென்று தட்டையாகிவிடும். பக்கம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும், படிப்பவனுக்கு எதையோ இழந்தோம் என்று தோன்றவே தோன்றாது. பென்சிலைப் பார்க்கும் வரை யாரும் புகார் செய்யாததற்குக் காரணம் அதுதான், கெடவில்லை என்பதற்கு அது ஆதாரமாகாது.

இங்கே அச்சையும் கொஞ்சம் பேச வேண்டும். அந்த இதழ்கள் மட்டமான நியூஸ்பிரிண்ட்டில், இலினாய் மாநிலம் ஸ்பார்ட்டாவில் இருந்த வேர்ல்டு கலர் பிரஸ்ஸில் லெட்டர்பிரஸ்ஸில் ஓடின. 1967 வரை மூலப் பக்கம் அச்சளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அப்புறம் ஒன்றரை மடங்காகச் சுருக்கினார்கள். மெல்லிய நிப் கோட்டை இவ்வளவு குறைத்து அந்தத் தாளில் ஓட்டினால் பாதி உடையும், மீதி மை ஊறி ஒட்டிக்கொள்ளும். நான் பிளேட் போட்ட காலத்தில் இந்த மாதிரிக் கீறல் படம் வந்தாலே வயிற்றைக் கலக்கும், கொஞ்சம் கூடுதலாக எக்ஸ்போஸ் கொடுத்தால் கோடு காணாமல் போகும், குறைத்தால் குப்பையெல்லாம் விழும். கொலெட்டாவின் வேலையில் அச்சில் கரடுமுரடாகத் தெரிவதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அச்சகத்துடையது என்று பழைய இதழை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. மறுபதிப்புகளை நம்பினால் இன்னும் மோசம். பல பழைய கதைகளுக்கு மூல நெகட்டிவ் இல்லை. கிரெக் தீக்ஸ்டன் என்பவர் பழைய அச்சுப் பக்கங்களை ரசாயனத்தில் முக்கி வண்ணத்தை வெளுக்கவைத்துக் கருப்புக் கோட்டை மட்டும் மீட்கும் ஒரு முறையை உருவாக்கினார், அப்படி மீட்டுத் திருத்தியதை அச்சிட்ட தொகுப்புகள் உண்டு. அதில் தெரியும் கோட்டைக் கொலெட்டாவின் கோடு என்று எடுத்து விமர்சிப்பது, மூன்றாவது கை பட்ட கோட்டை விமர்சிப்பதாகிவிடும். 2010 முதல் ஐடிடபிள்யூ போன்ற பதிப்பகங்கள் மூலப் பக்கங்களை அசல் அளவிலேயே ஸ்கேன் செய்து போடும் பெரும் பதிப்புகள் வந்த பிறகுதான் நிப் எங்கே தொட்டது, எங்கே எடுத்தது என்று சாதாரண வாசகனும் பார்க்க முடிந்தது.

ஆய்வு உலகில் இந்தச் சண்டை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அடியில் இருப்பது கிர்பி யார் என்ற கேள்விதான். மார்வெலின் கதைகளில் லீயின் பங்கு எவ்வளவு, கிர்பியின் பங்கு எவ்வளவு என்பது நீண்ட சண்டை, அந்தக் கதைகளின் உரிமை வழக்காகி நீதிமன்றம் வரை போனதும் உண்டு. கிர்பியை ஒரு முழுப் படைப்பாளியாக நிறுவ வேண்டும் என்று உழைப்பவர்களுக்கு அவருடைய பென்சில்தான் மூலப்பிரதி. அந்தப் பார்வையில் இங்கர் என்பவர் ஏட்டைப் பெயர்த்தெழுதுபவர் மாதிரி, வரி விட்டால் பிழை. சார்ல்ஸ் ஹாட்ஃபீல்டு 2011இல் கிர்பியின் ஓவிய மொழியைப் பற்றிப் பல்கலைக்கழகப் பதிப்பாக ஒரு நூலே எழுதினார், அதற்குப் பிறகு அவரைக் கல்விப்புலத்தில் தள்ளிவைக்க முடியாமல் போயிற்று. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள், வாசகன் வாங்கிப் படித்தது பென்சிலை அல்ல, நான்கு பேர் கை பட்டு வந்த இதழைத்தான், அதுதான் படைப்பு என்கிறார்கள். ராபர்ட் எல். பிரையன்ட் 2010இல் கொலெட்டாவுக்காகவே தனிப் புத்தகம் போட்டு இரண்டு பக்கக் குரல்களையும் சேர்த்து வைத்தார். ஒரு இங்கருக்கு, அதுவும் திட்டு வாங்குவதற்கே பெயர்போன இங்கருக்குத் தனிப் புத்தகம் வந்ததே பெரிய விஷயம்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு ஒன்று. கிர்பியை மாற்றியவர் கொலெட்டா ஒருவர் மட்டுமா? சின்னாட் முகங்களைச் சீராக்கினார், சூ ஸ்டார்மை அழகாக்கினார், கிர்பியின் கோணலை நேராக்கினார். வாலி வுட் 1950களின் கடைசியில் ஸ்கை மாஸ்டர்ஸ் தினசரிப் படத்தொடருக்கு மை போட்டபோது ஒளியும் நிழலுமாகத் தன் கையெழுத்தையே மேலே பரப்பினார். அவர்களை யாரும் திட்டுவதில்லை, மெருகேற்றினார்கள் என்று கொண்டாடுகிறோம். சேர்த்தால் மெருகு, எடுத்தால் திருட்டு. பென்சிலுக்கு விசுவாசம்தான் அளவுகோல் என்றால் எல்லோரையும் அதே கோலால்தானே அளக்க வேண்டும்? நேர்மையாகச் சொன்னால், நாம் கோபப்படுவது மாற்றியதற்கு அல்ல, உழைப்பைக் குறைத்ததற்கு. அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதற்குக் கலைக்கொள்கை வேஷம் போடவேண்டாம்.

கிர்பிக்கே கவலை இல்லை என்று ஒரு வாதம் வரும், அச்சான இதழை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்று. அடுத்த பக்கத்தில் மூழ்கிப்போகும் மனிதர் என்பதால் மார்வெல் காலத்தில் ஓரளவு அப்படி இருந்திருக்கலாம். ஆனால் டிசியில் தன் இதழ்களுக்கு அவரே எடிட்டர். எவானியரும் சக உதவியாளர் ஸ்டீவ் ஷெர்மனும் விடுபட்டவற்றைச் சுட்டிக்காட்டிய பிறகு, நிறுவனத்துக்கு விருப்பமில்லாமலேயே கொலெட்டாவை மாற்றக் கேட்டு வாங்கினார். வந்த ராயர் கலிஃபோர்னியாவிலேயே இருந்தவர், பக்கம் நியூயார்க் போகாமல் கிர்பியின் கண்பார்வையில் வேலை நடந்தது. ராயர் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் மிஸ்டர் மிராக்கிளின் நாயகி பிக் பார்டாவின் முகத்தைக் கொஞ்சம் அழகாக்கலாமே என்று மாற்றிப் போட்டிருக்கிறார். கிர்பி தன் பென்சில் நகலிலிருந்து அந்த முகத்தை வெட்டி அதன் மேலேயே ஒட்டி, இனி முகத்தில் கை வைக்காதே என்றாராம். கவலையே படாத மனிதர் கத்தரியும் பசையும் எடுக்கமாட்டார்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: அழித்தது உண்மை. எவ்வளவு என்பதில் மிகைப்படுத்தல் உண்டு. ஃபென்டாஸ்டிக் ஃபோரிலும் நியூ காட்ஸிலும் அவர் தவறான ஆள். தோரில், அழித்த கணக்கைக் கழித்த பிறகும், அந்த உலகத்தின் முகத்தில் பாதி அவர் கொடுத்தது. கடைசியில் ஒரு தகவல், இவரை வெறும் வில்லனாக்க நினைப்பவர்களுக்காக: டிசியில் ஆர்ட் டைரக்டராக இருந்தபோது, வேறொரு எடிட்டரிடம் கடுமையாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்த, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஃப்ராங்க் மில்லர் என்ற பையனிடம் திறமை இருப்பதைப் பார்த்து ஒரு பக்கப் போர்க்கதை வேலை வாங்கிக் கொடுத்தவர் கொலெட்டாதான் என்று மார்வெலின் தலைமை எடிட்டராக இருந்த ஜிம் ஷூட்டர் பதிவு செய்திருக்கிறார்.

நான் சொன்னதை நம்பாமல் நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் நேரடி வழி இருக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் 43ஐயும் 44ஐயும் எடுங்கள், 1965இல் அடுத்தடுத்த மாதம் வந்தவை, கிர்பி அதே கிர்பி, முதலாவதில் கொலெட்டா, அடுத்ததில் சின்னாட். அதே போல நியூ காட்ஸ் 4ஐயும் 5ஐயும் வைத்துப் பாருங்கள், அங்கே கொலெட்டாவிலிருந்து ராயருக்கு மாறுகிறது. முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் ஏமாற்றும். பேனலின் மேல் மூலைகளையும், ஆட்களின் தோளுக்குப் பின்னால் உள்ள இடத்தையும் பாருங்கள். அப்புறம் ஈகோ என்ற உயிருள்ள கிரகம் வரும் தோர் 132, 133ஐப் படியுங்கள், அது முழுக்கக் கொலெட்டா. படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள், குறிப்பாக அந்தக் கிரகத்தின் முகம் அந்தக் கீறல்களில் எடுபடுகிறதா இல்லையா என்று. எனக்கு எடுபட்டது, என்னோடு வேலை செய்த இன்னொரு ஓவியருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.